முதுகில் ஊசியா, முழு மயக்கமா?
மயக்க மருந்து மருத்துவர் பதில்கள்

கேள்வி: என் மாமியாருக்கு வயது 79. கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. முழு மயக்கம் கொடுத்தால் வயதானவர்களுக்குப் புத்தி பேதலித்துவிடும், முதுகில் ஊசி போடச் சொல்லுங்கள் என்று உறவினர்கள் பயமுறுத்துகிறார்கள். எது நல்லது?
- வாசகி, தேவகோட்டை

பதில்: உறவினர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. பத்து வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகிறது, மூளையைத் தொடவில்லை, பிறகு குழப்பம் எங்கிருந்து வரும்?

அமெரிக்கா, கனடாவில் 46 மருத்துவமனைகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். உங்கள் மாமியாரைப் போல இடுப்பு முறிந்த 1,600 பேர். யாருக்கு முதுகில் ஊசி, யாருக்கு முழு மயக்கம் என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் பிரித்தார்கள். 60 நாள் கழித்து, இறந்தவர்களையும் ஊன்றுகோல் பிடித்தும்கூடத் தானாகப் பத்தடி நடக்க முடியாதவர்களையும் சேர்த்து எண்ணினார்கள். முதுகு ஊசியில் 18.5 சதவீதம், முழு மயக்கத்தில் 18. மனக்குழப்பம் வந்தவர்கள் 20.5, 19.7. இது 2021-இல் வெளியானது. அதையொட்டியே சீனாவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆன 950 பேரிடம் நடந்த ஆய்விலும் குழப்பத்தின் அளவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. படித்த அன்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆக, எந்த ஊசி என்று நீங்கள் சண்டை போட வேண்டாம். மாமியாரின் உடம்பே அதைச் சொல்லிவிடும். ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியென்றால் முதுகில் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்தும் ஆபத்து உண்டு. இதய வால்வு மிகவும் சுருங்கியிருக்கிறதா? முதுகு ஊசியால் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதை அந்த இதயம் தாங்காது. நாள்பட்ட நுரையீரல் நோயா? அங்கே முதுகு ஊசி கைகொடுக்கலாம். எனவே மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போட்டு எடுத்துப் போங்கள். “சின்னதாக, வெள்ளையாக ஒரு பி.பி. மாத்திரை” என்று சொன்னால் எங்களுக்கு ஒன்றும் புரியாது, பாதி மாத்திரைகள் சின்னதாக, வெள்ளையாகத்தான் இருக்கின்றன.

முதுகில் ஊசி என்று முடிவானால் இன்னொன்றும் கேளுங்கள். முறிந்த இடுப்போடு அவரை உட்கார வைப்பதோ ஒருக்களித்துப் படுக்க வைப்பதோ உயிர் போகிற வலி. முன்னதாகவே தொடை நரம்பை மரக்கச் செய்ய ஓர் ஊசி போட்டுவிட்டால் அந்த வேதனை வெகுவாகக் குறையும்.

குழப்பத்தைத் தடுப்பதில் உங்கள் பங்குதான் பெரியது. நான் மயக்கம் கொடுத்த 84 வயதுப் பாட்டி ஒருவர் மறுநாள் இரவு என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “கண்டக்டர் தம்பி, மானாமதுரை வந்தால் சொல்” என்றார். கட்டிலின் பக்கவாட்டுக் கம்பி அவருக்கு பஸ் ஜன்னல். தொலைந்துவிடுமே என்று கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் மகன் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்! அவற்றைத் திரும்ப மாட்டிவிட்டு, வலிக்கு மருந்து கொடுத்து, மகளைப் பக்கத்தில் உட்கார வைத்தோம். தெளிய இரண்டு நாள் ஆயிற்று. உங்கள் மாமியாரின் கண்ணாடி தலைமாட்டிலேயே இருக்கட்டும். பகலில் திரைச்சீலையைத் திறந்து வையுங்கள், இரவில் விளக்கை அணையுங்கள். மருத்துவர் சம்மதித்ததும், கூடுமானால் மறுநாளே, எழுப்பி உட்கார வையுங்கள்.

கேள்வி: குடலிறக்க அறுவை சிகிச்சைக்குக் காலை ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள். ஐந்து மணிக்கு அரை டம்ளர் காபி குடித்தேன். அதற்காகத் தேதியையே தள்ளிவைத்துவிட்டார்கள். இது அநியாயம் இல்லையா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: கும்பகோணத்துக்காரரிடம் காபியைக் குறை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. குற்றவாளி பால். அது வயிற்றில் திரிந்து கட்டியாகி, சோற்றைப் போல மெதுவாகத்தான் இறங்கும். அதற்கு ஆறு மணி நேரம் வேண்டும். மயக்கத்தில் இருமல் வராது. வயிற்றில் இருப்பது மேலேறினால் நேரே நுரையீரலுக்குள் போய்விடும். நியூயார்க்கில் மெண்டல்சன் என்ற மகப்பேறு மருத்துவர் 44,016 பிரசவங்களின் பதிவேடுகளைப் புரட்டி, இப்படி நேர்ந்த 66 பேரைப் பற்றி 1946-இல் எழுதினார். பட்டினி விதியை நாங்கள் இத்தனை கறாராகப் பிடித்துக்கொண்டிருப்பதற்கு அவரும் ஒரு காரணம்.

ஆனால் முந்தின இரவிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடத் தொடாமல் நாக்கு வறண்டு கிடக்கவும் தேவையில்லை. வேறு சிக்கல் இல்லாதவர்கள் இரண்டு மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம். பால் விடாத கடுங்காபிக்கும் அதே கணக்குத்தான். உங்களுக்கு அது காபியே இல்லை என்பது தெரியும்.