அழைத்தாலும் வர மறுக்கும் நண்பன்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகே ஒரு ஹட்டியில், அதாவது படுகர் சிற்றூரில், வசிக்கிறேன். என் நண்பனும் நானும் ஒன்றாம் வகுப்பிலிருந்து சேர்ந்து வளர்ந்தவர்கள். அவனுக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை உண்டு. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை தவறாமல் இலை பறித்துத் தொழிற்சாலைக்கு அனுப்பியவன், மூன்று மாதங்களாகத் தோட்டத்துப் பக்கமே போகவில்லை. கொழுந்தெல்லாம் முற்றி, செடிகள் இடுப்புக்கு மேல் வளர்ந்து நிற்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறான் என்று அவன் மனைவி அழுகிறார். “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்று ஒரு நாள் சொன்னானாம். மருத்துவரிடம் போகலாம் என்றால், “எனக்கென்ன பைத்தியமா? ஊரே பேசும், இனி இந்தப் பேச்சோடு என் வீட்டுப் படி ஏறாதே” என்கிறான். நான் என்ன செய்வது?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் வந்த ஒரு வரியிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். “நான் இல்லாவிட்டால் நிம்மதி” என்ற சொல்லைக் கோபத்தில் வந்த பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். இன்றைக்கே அவரைத் தனியாகச் சந்தித்து, “உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா?” என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பல பேருக்கு, யாராவது கேட்க மாட்டார்களா என்ற தவிப்பே உள்ளே இருக்கும். தோட்டத்துக்காக வாங்கி வைத்த பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் அவர் மனைவியிடம் சொல்லி வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். ஆம் என்று அவர் சொன்னாலோ, பதில் சொல்லாமல் தலையைக் குனிந்துகொண்டாலோ, அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அந்த நிலையில் அவருடைய கோபத்துக்கு நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. உயிருக்கு ஆபத்து இருக்கும்போது, நோயாளி மறுத்தாலும் அவரைச் சேர்த்துச் சிகிச்சை தருவதற்கு, நிபந்தனைகளுடன், 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே வழி வைத்திருக்கிறது.

அத்தகைய ஆபத்து இல்லையென்றால், அதே சட்டத்தின்படி முடிவு அவருடையது. யாரும் அவரை இழுத்துக்கொண்டு போக முடியாது. அப்போது உங்களுக்குத் தேவைப்படுவது பொறுமை மட்டுமல்ல, வேறு ஒரு பேச்சும் கூட. என் கல்லூரித் தோழி ஒருத்தி இப்படி முடங்கியபோது, அவளிடம் தென்பட்ட அறிகுறிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, உனக்கு இருப்பது மனச்சோர்வு நோய்தான் என்று நிரூபிக்க முயன்றேன். நான் சொன்னது சரியாகவே இருந்தும் அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். நோயின் பெயரை அவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிடுங்கள். அவரையே வாட்டுகிற ஒன்று உங்கள் கடிதத்தில் இருக்கிறது: மூன்று மணிக்குக் கலைந்துபோகும் தூக்கம். “தூக்கத்துக்காக ஒரு மருத்துவரைப் பார்ப்போம், நானும் வருகிறேன்” என்று சொல்வதில் பொய்யும் இல்லை, அவமானமும் இல்லை. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமிருந்தே தொடங்கலாம். தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும்கூட மனிதரை இப்படிச் சோர்ந்துபோகச் செய்யும் என்பதால் இரத்தப் பரிசோதனை எப்படியும் தேவை. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அவரே அனுப்பிவைப்பார்.

ஊர் பேசும் என்ற அச்சத்தைத் தயவுசெய்து அற்பமாக எண்ணாதீர்கள். முப்பது வீடுகளும் ஒன்றுக்கொன்று உறவாக இருக்கும் ஹட்டியில், யார் எந்த மருத்துவரைப் பார்த்தார் என்பது பேருந்து திரும்பி வருவதற்கு முன்பே வந்து சேர்ந்துவிடும். எனவே கோத்தகிரி வேண்டாமென்றால் ஊட்டி அரசு மருத்துவமனைக்குப் போகலாம். அதுவும் வேண்டாமென்றால் மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு இறங்கலாம். எங்கும் போகத் தயங்கினால், தொலைபேசியிலேயே மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண் இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய இந்தச் சேவையில் இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. முதலில் நீங்களே பேசி, அவரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டுக்கொள்ளலாம்.

மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோம் என்ற பயமும் அவருக்குள் இருக்கலாம். மனச்சோர்வுக்குத் தரப்படும் வழக்கமான மாத்திரைகள் அடிமைப்படுத்துபவை அல்ல. ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும் என்பதையும், மருத்துவரைக் கேட்காமல் திடீரென நிறுத்தக் கூடாது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள். ஒரு வாரம் விழுங்கிவிட்டு ஒன்றும் ஆகவில்லை என்று தூக்கி எறிபவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன்.

படி ஏறாதே என்றாரே, அந்தப் பேச்சில்லாமல் படி ஏறுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போய், முற்றிய செடிகளை வெட்டிச் சீராக்குங்கள். அவரை வேலைக்கு அழைக்க வேண்டாம், வந்து வரப்பில் உட்கார்ந்தாலே போதும். சில சந்திப்புகளில் மருத்துவர் என்ற சொல்லே வர வேண்டியதில்லை.

இதற்கிடையில், மனநலப் பிரிவு எந்தெந்த நாட்களில், எத்தனை மணிக்கு இயங்குகிறது என்று விசாரித்து, காலை முதல் பேருந்தின் நேரத்தோடு குறித்து வைத்திருங்கள். இப்படிப்பட்டவர்கள் “சரி, போகலாம்” என்று சொல்லும் மனம் மாலைக்குள் மாறிவிடக்கூடும். அவர் அந்தச் சொல்லைச் சொன்ன காலையிலேயே நீங்கள் இருவரும் பேருந்தில் இருக்க வேண்டும்.