பதில்: 12 ஆண்டுகள் கேரேஜில் கிடந்த ஜவுஸ்ட் ஆர்கேட் வீடியோ கேம் இயந்திரம்

பிளக்கைச் செருகிப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து வேண்டாம். உள்ளே மின்சுற்றுப் பலகையில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருப்பது மூன்று ஏஏ பேட்டரிகளின் கசிவு. 1982-இல் வெளிவந்த இந்த வில்லியம்ஸ் நிறுவன விளையாட்டில், அதிகப் புள்ளிகளை நினைவில் வைக்க அவை பலகையிலேயே இருக்கும்.

கசிந்திருப்பது காரம். பேட்டரிகளைக் கழற்றிவிட்டு, வெள்ளை வினிகரைப் பழைய பல்துலக்கியில் தொட்டுத் தேயுங்கள். பிறகு தண்ணீர், அதன்பின் ஐசோபிரோபைல் ஆல்கஹால். முழுதும் உலர்ந்ததும் அருகிலுள்ள செம்புத் தடங்கள் எங்காவது அறுந்திருக்கின்றனவா என்று மல்டிமீட்டரால் (மின் அளவுக் கருவி) ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். என் முதல் இயந்திரத்தில், பளிச்சென்று இருக்கிறதே என்று இதைத் தவிர்த்தேன். பலகையின் பச்சை வண்ணப் பூச்சுக்கு அடியில் அறுந்திருந்த ஒரே ஒரு தடத்தைத் தேடி மூன்று வாரம் போயிற்று! புதிய பேட்டரிப் பெட்டியை நீளமான ஒயரில் பலகைக்குக் கீழே தள்ளி வையுங்கள்.

பலகையை இணைக்கும் முன் மின்வழங்கியில் 5 வோல்ட் சரியாக வருகிறதா என்று பாருங்கள். படக்குழாய்ப் பக்கம் மட்டும் கையைக் கொண்டுபோகாதீர்கள். அணைத்த பிறகும் அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். அதற்குப் பழகியவரை அழையுங்கள்.

இயந்திரப் பெட்டியின் பக்கவாட்டு ஓவியத்தைச் சுரண்டிப் புது ஸ்டிக்கர் ஒட்டுவதா? ஐயோ, அது ஸ்டென்சில் வைத்துத் தெளித்த அசல் வண்ணம். கீறலோடு இருக்கட்டும்.