ஏரோதின் கடலோர அரண்மனையில் பார்க்க என்ன மிச்சம்?

கேள்வி: இஸ்ரேல் பயணத் திட்டத்தில் செசரியாவுக்கு அரை நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். கடலோரத்தில் ஏரோதின் அரண்மனை இருக்கிறதாம், ஆனால் படங்களில் வெறும் பாறையும் ஒரு குட்டையும்தான் தெரிகிறது. மெனக்கெட்டுப் போய்ப் பார்க்க அங்கே என்ன இருக்கிறது?

பதில்: அந்தக் குட்டைக்காகவே போகலாம். கடலுக்குள் சுமார் நூறு மீட்டர் நீண்டு நிற்கும் ஒரு பாறை மூக்கின் மேல் யூதேயாவின் மன்னன் ஏரோது தன் அரண்மனையைக் கட்டினான், நீங்கள் குட்டை என்று சொல்வது அதன் நடுமுற்றத்தில் இருந்த குளம். சுமார் 35 மீட்டர் நீளம், 18 மீட்டர் அகலம், இரண்டு மீட்டருக்கு மேல் ஆழம், அத்தனையும் பாறையைக் குடைந்து எடுத்தது. ஓரத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்த்தால் பாறையைச் செங்குத்தாக வெட்டிய பக்கங்களும் நடுவில் ஒரு பீடமும் தெரியும், அதன் மேல் ஒரு சிலை நின்றிருக்கலாம். குளத்தைச் சுற்றித் தூண் வரிசை, அதற்குப் பின்னால் அறைகள், மூன்று பக்கமும் கடல். அதில் நிரப்பியது நல்ல தண்ணீரா, கடல் தண்ணீரா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். எதுவாக இருந்தால் என்ன, அலை வந்து மோதுகிற பாறையில் அசையாத தண்ணீரைத் தேக்கிக் காட்ட நினைத்த அந்தத் துணிச்சல் எனக்கு இன்றைக்கும் பிரமிப்பாக இருக்கிறது. அந்த ஊர் முழுக்கவே அப்படித்தான். இயற்கைத் துறைமுகம் இல்லாத கரையில், இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கத்திலிருந்து எரிமலைச் சாம்பலைக் கப்பலில் வரவழைத்து, கடல் நீருக்குள்ளேயே இறுகும் கான்கிரீட்டால் துறைமுகம் கட்டி, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நகரத்தையே எழுப்பி அதற்கு ரோமப் பேரரசன் அகஸ்டஸ் சீசரின் பெயரையும் வைத்துவிட்டான்.

அலை பெரிதாக இருக்கும் நாளில் கீழ்த்தளத்தில் தண்ணீர் ஏறிவிடும், கடல் அமைதியாக இருக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய அரண்மனையின் சுவர்கள் எல்லாம் எங்கே போயின?

பதில்: பாதியைக் கடல் தின்றது, மீதியை மனிதர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தக் கரையில் கிடைப்பது மணல் இறுகி உண்டான மென்மையான கல், உப்புக் காற்றில் அரித்துப் பொடிந்துவிடும். 1265-ல் எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் பைபர்ஸ் ஊரைப் பிடித்து அழித்த பிறகு, செசரியா கிட்டத்தட்ட ஒரு கல் குவாரி மாதிரி ஆகிவிட்டது. வடக்கே அக்கோ என்ற துறைமுக ஊரில் 1781-ல் எழுந்த ஜஸ்ஸார் பாஷா மசூதிக்குக்கூட இங்கிருந்து தூண்கள் போயிருக்கின்றன. குளத்தைப் பெயர்த்துக்கொண்டு போக யாராலும் முடியவில்லை, அதனால் அது தப்பித்தது.

கேள்வி: பைபிளில் வரும் அப்போஸ்தலர் பவுலைக் காவலில் வைத்த "ஏரோதின் அரமனை" இதுதானா? இயேசுவை விசாரித்த ரோம ஆளுநர் பிலாத்துவும் இங்கேதான் இருந்தானா?

பதில்: ஆமாம், அப்போஸ்தலர் நடபடிகள் என்ற பைபிள் நூலில் வரும் அரமனை இதுதான் என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். ஏரோதின் வம்சம் யூதேயாவை இழந்த பிறகு, கி.பி. 6 முதல் ரோம ஆளுநர்கள் செசரியாவைத் தலைநகராக்கிக்கொண்டார்கள், அரண்மனை அவர்களுடைய மாளிகையும் அலுவலகமும் ஆனது. பவுல் இரண்டு வருஷம் காவலில் இருந்ததும், ஆளுநர் பெஸ்துவின் முன்னால் நின்று இராயருக்கு அபயமிட்டதும், அதாவது ரோமப் பேரரசனிடம் மேல்முறையீடு கேட்டதும், இந்த ஊரில்தான். குளம் இருக்கும் கீழ்ப்பகுதியை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள், கரைப்பக்கம் மேல் அரண்மனை இருக்கிறது, பெரிய முற்றமும் அதை ஒட்டி ஆளுநர் வழக்குக் கேட்டிருக்கக்கூடிய மண்டபத்தின் அடித்தளமும் அங்கேதான். சரி, பிலாத்து? அவனும் இங்கேதான் குடியிருந்தான், பண்டிகைக் காலங்களில் எருசலேமுக்குப் போவான், இயேசுவை விசாரித்தது அங்கேதான், இங்கே இல்லை.

அவன் பெயர் பொறித்த முதல் கல்வெட்டும் அரண்மனைக்குப் பக்கத்தில்தான் கிடைத்தது. 1961-ல் இத்தாலிய அகழ்வாய்வுக் குழு அங்குள்ள நாடக அரங்கைத் தோண்டியபோது, பிற்காலத்தில் யாரோ படிக்கட்டுக்காகப் போட்ட ஒரு சுண்ணாம்புக் கல்லில் எழுத்துகள் இருந்தன. இடது பக்கம் உடைந்து "பொந்தியு" என்பதன் முன்பாதி போய்விட்டது, "பிலாத்து" முழுசாக நிற்கிறது! இப்போது அரங்கின் பக்கம் வைத்திருப்பது நகல். அசல் எருசலேமில் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, உங்கள் பயணத்தில் எருசலேமும் இருந்தால் அதற்கும் நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.