சிரிச்சாலே சந்தேகமா பாக்குறாங்க – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணா,

போன மாசம் உங்க அக்காவோட தையல் கடையை பத்தி எழுதியிருந்தீங்க. அதுல "அக்காவுக்கு பைபோலார், 12 வருஷத்துக்கு மேல லித்தியம் மாத்திரை சாப்பிடுறா, கடையும் அவ தான் நடத்துறா"ன்னு போற போக்குல ஒரு வரி வந்துச்சு. அந்த ஒரு வரிய எத்தனை தடவை படிச்சேன்னு எனக்கே தெரியல. எனக்கும் அதே நோய் தான், மனசு ஒரு சமயம் அளவுக்கு மீறி பொங்கும், இன்னொரு சமயம் இருட்டுல விழும்.

எனக்கு வயசு 31, சென்னையில ஐடி வேலை, அமெரிக்கா டைம் ஷிஃப்ட். மூணு வருஷம் முன்னாடி ரெண்டு வாரம் கிட்டத்தட்ட தூங்கவே இல்ல, தூக்கம் தேவையும் படல. ஒரு ஆப் பண்ணி உலகத்தையே மாத்த போறேன்னு வேலைய விட்டு, லோன் எடுத்து, கடைசியில ஆஸ்பத்திரில சேத்தாங்க. அப்புறம் எட்டு மாசம் படுக்கையே கதி. இப்ப ரெண்டு வருஷமா நல்லா இருக்கேன், வேற கம்பெனில வேலையும் கிடைச்சிருச்சு.

ஆனா வீட்ல நான் கொஞ்சம் சத்தமா சிரிச்சா அம்மா "மாத்திரை போட்டியாப்பா"ன்னு கேக்குறாங்க. பேசாம இருந்தா "ஏன் ஒரு மாதிரி இருக்க"ங்குறாங்க. முன்னாடி கவிதை எழுதுவேன், இப்ப ஒரு வரி வர மாட்டேங்குது, லித்தியம் என்னை மழுங்கடிச்சிருச்சுன்னு தோணுது. ரெண்டு வருஷம் நல்லா தானே இருக்கோம், நிறுத்திட்டா என்னன்னு யோசிக்கிறேன். அம்மா திருச்சி பக்கம் குணசீலம் பெருமாள் கோயில்ல 48 நாள் இருந்துட்டு வரலாம்னு சொல்றாங்க. எல்லாரும் பாசிட்டிவா இருன்னு சொல்றாங்க, எப்படின்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேங்குறாங்க. பெயர் வேண்டாம் அண்ணா.

---

அன்புள்ள தம்பி,

உங்க கடிதத்தை அக்காகிட்ட படிச்சு காட்டினேன். இதுல அவளை பத்தி வர்றது எல்லாமே அவ எழுதுன்னு சொன்னது தான். நீங்க மாத்திரையை நிறுத்தலாமான்னு கேட்ட இடம் வந்ததும் கையில இருந்த துணிய கீழ வச்சுட்டா. "அந்த தம்பிக்கு மொதல்ல நிறுத்த வேண்டாம்னு ஒரு வரி அனுப்பு, மத்ததெல்லாம் பொறவு எழுதிக்கலாம்"னா. அதனால தான் அன்னிக்கே அந்த ரெண்டு வரி மெயில் அனுப்பினேன், மிச்சத்தை இப்ப நிதானமா எழுதுறேன்.

உங்க அம்மா நிக்கிற இடத்துல நான் ரொம்ப நாள் நின்னிருக்கேன் தம்பி. அதை மொதல்ல சொல்லிடுறேன்.

2012 தீபாவளிக்கு முந்தின மாசம். எங்க ஊர் சங்கரன்கோவில், அக்கா கடையில ப்ளவுஸ் ஆர்டர் குவிஞ்சு கிடக்கு, ராத்திரி ஒரு மணி ரெண்டு மணி வரைக்கும் மெஷின் ஓடுது. அப்புறம் விடிய விடிய ஓட ஆரம்பிச்சுது. நாங்க எல்லாம் பெருமையா தான் பேசிக்கிட்டோம், என்னா உழைப்பு பாருன்னு. பாட்டு பாடிக்கிட்டே தைப்பா, வர்றவங்க கிட்ட எல்லாம் சிரிச்சு சிரிச்சு பேசுவா, சில பேருக்கு காசு வேண்டாம்னு சும்மாவே தைச்சு குடுத்தா. கடனுக்கு அறுபதாயிரம் ரூபாய்க்கு துணி எடுத்தா, ரெண்டு பவர் மெஷின் இஎம்ஐல புக் பண்ணா, ராத்திரி மூணு மணிக்கு கஸ்டமருக்கு போன் போட்டு உங்க பொண்ணு கல்யாணத்துக்கு ஊர்ல யாரும் பாக்காத டிசைன் ஒண்ணு கனவுல வந்துச்சுன்னு சொன்னா. அன்னிக்கு தான் எங்களுக்கு ஏதோ சரியில்லன்னு உறைச்சுது. மூணு வாரம் லேட்.

அதுக்கப்புறம் அக்கா சிரிச்சாலே எனக்கு பயம். சிகிச்சை முடிஞ்சு வீட்டுக்கு வந்தவளை ஒன்றரை வருஷம் போலீஸ்காரன் மாதிரி பாத்துக்கிட்டே இருந்தேன். ஒரு நாள் என் மகளுக்கு பாவாடை சட்டைக்கு அளவு எடுத்துக்கிட்டிருந்தா, பிள்ளை கூச்சத்துல நெளியுது, ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க. நான் உள்ள இருந்து வந்து "மாத்திரை போட்டியா"ன்னு கேட்டேன். சிரிப்பு அப்படியே நின்னு போச்சு. இஞ்ச் டேப்பை விரல்ல மெதுவா சுத்தி மெஷின் மேல வச்சுட்டு எந்திரிச்சு போயிட்டா. ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் கேட்டா, "சிரிக்கிறது கூடவா எனக்கு சொந்தமில்ல?"

எனக்கு பதில் இல்ல தம்பி. இப்ப நினைச்சாலும் நெஞ்சு அடைக்குது.

அடுத்த தடவை டாக்டர்கிட்ட போனப்ப அக்காவே இதை எடுத்தா. அவர் என்னை பாத்து சொன்னாரு, நீங்க அவங்க சிரிப்பை பாக்காதீங்க, தூக்கத்தை பாருங்க. சந்தோஷமா இருக்கிறவங்க எல்லாருக்கும் மேனியா, அதாவது மனசு அளவுக்கு மீறி பொங்குற அந்த நிலை, கிடையாது. ஆனா நாலு மணி நேரம் தூங்கி எந்திரிச்சும் களைப்பே இல்லன்னா, அதுவும் தொடர்ந்து ரெண்டு மூணு நாள் அப்படின்னா, அது நிறைய பேருக்கு முதல் அறிகுறி. அன்னையில இருந்து அக்கா கடையில மாட்டியிருக்கிற மாத காலண்டர்ல ஒவ்வொரு கட்டத்துலயும் தூங்கின மணிய எழுதுறா. 7, 7½, 6½, 7. பத்து பதினோரு மணி நேரம் எந்திரிக்க மனசில்லாம கிடந்தாலும் அதையும் எழுதுவா, ஏன்னா கீழ போறதும் அதுல தெரியும். ரெண்டு ராத்திரி சேந்தாப்ல அஞ்சுக்கு கீழ வந்தா அவளே டாக்டருக்கு போன் பண்ணுவா. இந்த கணக்கு அவ வச்சது, நாங்க வச்சது இல்ல. அதுக்கு பதிலா மாத்திரை போட்டியான்னு யாரும் கேக்க கூடாது. சந்தேகம் வந்தா போய் காலண்டரை பாத்துக்கணும், அவ்வளவு தான். இதை வீட்ல எல்லாரையும் உக்கார வச்சு ஒத்துக்க வச்சா.

உங்க வீட்லயும் இதை பேசுங்க, நீங்க நல்லா இருக்கிற இப்பவே பேசுங்க. உங்க அம்மாவுக்கு பயம் இருக்கு, அந்த பயத்தை வச்சுக்கிட்டு என்ன பண்றதுன்னு தெரியல, அதனால தான் சிரிப்பை புடிச்சுக்கிட்டாங்க. பாக்குறதுக்கு வேற ஒண்ணை அவங்க கையில குடுத்துருங்க. எங்க வீட்ல ஒரு நோட்டுல அக்கா கையாலயே எழுதி வச்சிருக்கா: இந்த இந்த அறிகுறி வந்தா ஏடிஎம் கார்டை தம்பிகிட்ட (அதாவது என்கிட்ட) குடுத்துருவேன், புது ஆர்டர் எடுக்க மாட்டேன், நான் வர மாட்டேன்னு சண்டை போட்டாலும் இந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, இந்த ஊசி எனக்கு ஒத்துக்கல அதை போட விடாதீங்க. 2017 மனநல பராமரிப்பு சட்டத்துலயே இதுக்கு வழி இருக்கு. முடியாம போற நேரத்துல எனக்கு என்ன சிகிச்சை வேணும், எது வேண்டாம்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம், எனக்காக பேச இன்னார்னு ஒருத்தரை நியமிக்கலாம். அதை முறைப்படி எப்படி பதியணும்னு உங்க டாக்டர்கிட்ட கேளுங்க.

அடுத்து உங்க ஷிஃப்ட். கடிதத்துல ஒரு வார்த்தையா சொல்லிட்டு போயிட்டீங்க, எனக்கு படிக்கும்போதே பகீர்னுச்சு. பைபோலார் இருக்கிறவங்களுக்கு உடம்போட கடிகாரம் ரொம்ப சுலபமா குலையும், அந்த கடிகாரத்துக்கு கவசமே ஒழுங்கான நேரம் தான். அமெரிக்காவுல பிட்ஸ்பர்க்ல எலன் ஃபிராங்க்னு ஒரு பேராசிரியர் இதை வச்சே ஒரு சிகிச்சை முறைய உருவாக்கினாங்க. அதுல தினமும் அஞ்சு நேரத்தை குறிச்சு வைக்க சொல்லுவாங்க, படுக்கைய விட்டு எந்திரிச்சது எப்ப, முதல் ஆள்கிட்ட பேசினது எப்ப, வேலை தொடங்கினது எப்ப, ராத்திரி சாப்பாடு எப்ப, படுத்தது எப்ப. இந்த அஞ்சும் தினம் ஏறக்குறைய ஒரே நேரத்துல நடக்க நடக்க மனசும் ஒரு தண்டவாளத்துல ஓட ஆரம்பிக்குது. கேக்க சப்புன்னு இருக்கும். ஆனா எல்லாரும் உங்ககிட்ட சொல்ற அந்த பாசிட்டிவ், என் கண்ணால நான் பாத்த வரைக்கும் இது தான். அக்கா ராத்திரி ஒன்பதுக்கு மெஷினுக்கு கவர் போட்டுருவா, தீபாவளி சீசன்ல கூட. பண்டிகைக்கு 15 நாள் முன்னாடி புது ஆர்டர் நிறுத்திருவா. முதல் வருஷம் வருமானம் பாதி போச்சு, கோவிச்சுக்கிட்டு வேற கடைக்கு போன கஸ்டமரும் உண்டு. ஆனா சொன்ன தேதிக்கு குடுக்கிற டைலர்னு இப்ப அவளுக்கு பேரு. எங்க ஊர் கோயில் ஆடித்தபசு திருவிழாவுக்கு சாயங்காலம் சங்கரநாராயணர் காட்சி பாத்துட்டு, ராத்திரி காட்சிக்கு நிக்காம வீட்டுக்கு வந்துருவா. அந்த ஊர்ல பொறந்து வளந்தவளுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு ஊர்க்காரங்களுக்கு தெரியும்.

அதனால உங்க டாக்டர்கிட்ட ஒரு லெட்டர் வாங்கி பகல் ஷிஃப்ட் கேளுங்க. அதுல நோயோட பேர் இருக்கணும்னு அவசியம் இல்ல, உடல்நிலை காரணமா இரவுப் பணி கூடாதுன்னு எழுதி தர சொல்லி கேளுங்க. சம்பளத்துல ஷிஃப்ட் அலவன்ஸ் குறையும், தெரியும். இருந்தாலும் கேளுங்க.

இப்ப லித்தியத்துக்கு வர்றேன். இதோட கதைய ஒரு நாள் டாக்டர் எங்களுக்கு சொன்னாரு, அப்புறம் நானும் தேடி படிச்சேன். ஆஸ்திரேலியாவுல மெல்போர்ன் பக்கம் ஜான் கேட்னு ஒரு டாக்டர், 1949ல மேனியாவுக்கு லித்தியம் வேலை செய்யுதுன்னு முதல்ல எழுதினவர். அவர் குடுத்த முதல் ஆள் அஞ்சு வருஷமா வார்டுலயே அடங்காம கிடந்தவர். சில மாசத்துல குணமாகி வீட்டுக்கு போய் பழைய வேலையிலயே சேந்துட்டாரு. நல்லா இருக்கோமேன்னு மருந்தை விட்டாரு, திரும்பவும் அதே வார்டுக்கு வந்தாரு. இதுல இன்னொரு பாதியும் இருக்கு, அதை மறைக்க கூடாது. அந்த ஆள் பின்னாடி லித்தியம் உடம்புல ஏறி அதனாலயே இறந்தும் போனாரு, அப்ப ரத்தத்துல அளவு பாக்குற வழக்கமே கிடையாது. இன்னிக்கு இருக்கு. அதனால தான் ராத்திரி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழிச்சு காலைல ரத்தம் எடுக்க சொல்றாங்க, ரத்தத்துல லித்தியம் அளவை பொதுவா லிட்டருக்கு 0.6ல இருந்து 1.0 மில்லிமோலுக்குள்ள வச்சுக்கிறாங்க. வெயில்ல வேர்த்து கொட்டி தண்ணி குடிக்காம இருந்தாலோ, வாந்தி பேதி ஆனாலோ, திடீர்னு உப்பை குறைச்சாலோ, வலிக்கு மெடிக்கல்ல கேட்டு இப்யூபுரோஃபென், டைக்ளோஃபினாக் வாங்கி போட்டாலோ அளவு ஏறிரும். கை ரொம்ப உதறி, நாக்கு குழறி, நடை தள்ளாடுச்சுன்னா ஒரு நிமிஷம் யோசிக்காம ஆஸ்பத்திரிக்கு போயிரணும்.

மழுங்கிட்டேன்னு சொன்னீங்களே, அதை நான் லேசா எடுத்துக்கல. அக்காவும் இதே வார்த்தைய தான் சொன்னா, மூளை மேல ஈரத்துணி போட்ட மாதிரி இருக்குன்னு. டெஸ்ட் எடுத்து பாத்தா தைராய்டு குறைஞ்சிருந்துச்சு. லித்தியம் சில பேருக்கு அதை பண்ணும், அதனால வர்ற மந்தத்தை நாம மருந்தோட குணம்னு நினைச்சு தாங்கிக்கிட்டே இருப்போம். காலைல வெறும் வயித்துல ஒரு சின்ன மாத்திரை, ரெண்டு மூணு மாசத்துல ஆள் தெளிஞ்சுட்டா. உங்களுக்கும் அதா இருக்கலாம், டோஸ் கூடுதலா இருக்கலாம், அந்த எட்டு மாச இருட்டோட மிச்சம் இன்னும் உள்ள இருக்கலாம். மூணுக்கும் வழி இருக்கு. இதே வார்த்தைய டாக்டர்கிட்ட சொல்லுங்க, கவிதை வரலன்னும் சொல்லுங்க. தைராய்டும், சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியேட்டினினும் கடைசியா எப்ப பாத்தீங்கன்னு கேளுங்க. குறைக்கிறதா இருந்தாலும், மாத்துறதா இருந்தாலும், அவர் கூட சேந்து மெல்ல மெல்ல தான் செய்யணும். லித்தியத்தை டக்குனு விட்டா திரும்ப வர்ற வாய்ப்பு ரொம்ப அதிகம். அதோட தற்கொலை ஆபத்தை குறைக்குதுன்னு பல ஆய்வுகள் சொல்ற மருந்து இது. ரெண்டு வருஷம் நல்லா இருந்தீங்கன்னா அதுல இந்த மாத்திரைக்கும் பங்கு இருக்கு.

கவிதைய பத்தி ஒண்ணு சொல்லணும். 2012ல அக்கா அந்த ஒரு மாசத்துல ஒன்பது நோட்டு நிறைய டிசைன் வரைஞ்சு தள்ளினா. குணமானதுக்கு அப்புறம் ரெண்டு பேரும் உக்காந்து பக்கம் பக்கமா பாத்தோம். தைக்க முடிஞ்சது ரெண்டே ரெண்டு தான். அந்த ரெண்டும் அழகு தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா இப்ப வருஷத்துக்கு அஞ்சாறு புது டிசைன் போடுறா, ஒவ்வொண்ணையும் வெட்டி தைச்சு போட்டு பாத்து திருத்துறா. கை லேசா நடுங்கும், அதனால அவளுக்கு டீ குடுக்கும்போது டம்ளர்ல முக்கால் தான் ஊத்துவோம். ஊசியில நூல் கோக்குறது மட்டும் கூட இருக்கிற பொண்ணு செய்யும். அமெரிக்காவுல கே ஜேமிசன்னு ஒரு பேராசிரியர், இந்த நோயை பத்தியே ஆராய்ச்சி பண்றவங்க, தனக்கும் இது இருக்குன்னு 1995ல வெளிப்படையா எழுதினாங்க, லித்தியம் சாப்பிட்டுக்கிட்டே தொடர்ந்து புத்தகங்களும் எழுதினாங்க. உங்களுக்கு கவிதை இப்ப மெதுவா வரலாம், ஒரு வாரத்துக்கு ரெண்டு வரியா கூட வரலாம். அந்த ரெண்டு வரிய நோட்டுல எழுதி வைங்க.

குணசீலம் போறதா இருந்தா சந்தோஷமா போங்க. அம்மாவுக்கு அது தெம்பு, அந்த தெம்பு உங்களுக்கும் வேணும். மாத்திரை டப்பா கூட வரணும், 48 நாளும் ஒரு வேளை கூட தவற கூடாது, விரதம்னு தண்ணி குடிக்காம இருக்க கூடாது. போறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

இருட்டு திரும்ப எட்டி பாத்தா, ராத்திரி எத்தனை மணின்னாலும் 14416க்கு போன் பண்ணுங்க. அரசாங்கத்தோட டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம். அக்கா ரெண்டு தடவை பேசியிருக்கா.

நேத்து சாயங்காலம் கடைக்கு போனப்ப யாரோ ஒரு கஸ்டமர் ஏதோ சொல்லி அக்கா சத்தமா சிரிச்சுக்கிட்டிருந்தா. என் கண்ணு தானா காலண்டர் பக்கம் போச்சு, அவ அதை பாத்துட்டா. "ஏழரை"ன்னு சொல்லிட்டு திரும்பவும் சிரிச்சா.

ஷிஃப்ட் மாத்த கேட்டதுக்கு ஆபீஸ்ல என்ன சொன்னாங்கன்னு எழுதுங்க தம்பி. அக்காவும் கேட்டுக்கிட்டே இருக்கா.

அன்புடன்,
அண்ணன்