பிணம் விழாத போர்

அன்புள்ள ஐயா,

சில மாதங்களாக ஒரு தொடர்கதை எழுதிவருகிறேன். மிகைபுனைவு, அதிரடி வகை. கதாநாயகன் மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நாவலில் வரும் அந்தப் பெயரில்லாத உருவம்தான். இருநூறு வருடம் சாகாமல் இருந்து, இன்றைய ஒரு மாநகரத்தில் இரவுகளில் அரக்கர்களை வேட்டையாடுகிறான். ஆறடி உயரம், முகத்தில் இரண்டு தழும்பு, கையில் இரட்டை வாள். தேவதைகளின் ராணி அவனுக்கு ஆதாம் என்று பெயர் வைத்துத் தன் படையில் சேர்த்துக்கொள்கிறாள். மூன்று அத்தியாயம் முடித்திருக்கிறேன். மூன்றாவதில் மட்டும் நாற்பது அரக்கர்களைக் கொல்கிறான்.

நண்பர் ஒருவரிடம் படிக்கக் கொடுத்தேன். “ஒரு செவ்வியல் நாவலை வீடியோ கேம் ஆக்கிவிட்டாய், மேரி ஷெல்லி பார்த்தால் அழுவார்” என்று சொல்லிவிட்டார். சினிமாக்காரர்கள் இதையெல்லாம் ஏற்கெனவே செய்துவிட்டார்களே, என்னை மட்டும் ஏன் திட்ட வேண்டும் என்று முதலில் கோபம் வந்தது. அப்புறம் சந்தேகம் வந்துவிட்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நாவலைக் கல்லூரி நாட்களில் சுருக்கப் பதிப்பாகத்தான் படித்தேன்.

ஒரு பழைய இலக்கியத்தின் அரக்கனை எடுத்து இப்படி நாயகனாக்கலாமா? எதுவரை போகலாம்?

அன்புடன்,
ர.

*

அன்புள்ள ர.,

முதலில் உங்கள் நண்பருக்கு. மேரி ஷெல்லி அழமாட்டார். நாவல் வெளிவந்தது 1818 ஜனவரி முதல் தேதி. ஆசிரியர் பெயர்கூடப் போடாமல் 500 பிரதி அச்சிட்டார்கள். ஐந்தே வருடத்தில், 1823-ல், லண்டனில் ஒருவர் அதை நாடகமாக்கி மேடையேற்றிவிட்டார். நாவலில் அவ்வளவு பேசுகிறவனை மேடையில் ஊமையாக்கிவிட்டார்கள். மேரி ஷெல்லி அரங்கத்துக்குப் போய் உட்கார்ந்து பார்த்தார். கதையைச் சரியாகக் கையாளவில்லை என்று கடிதத்தில் எழுதினார், ஆனால் அந்த வேடத்தில் நடித்த குக் என்ற நடிகரை மனதாரப் பாராட்டினார். நடிகர் பட்டியலில் அவன் பெயர் வரவேண்டிய இடத்தில் வெறும் கோடு போட்டிருந்தார்களாம். அது அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. ஆகவே, நீங்கள் செய்வதற்கு இருநூறு வருடப் பழக்கம் உண்டு. தட்டையான தலையும் கழுத்தில் திருகாணியும்கூட 1931-ல் வந்த ஹாலிவுட் படத்துக்காக ஒப்பனைக்காரர் ஜாக் பியர்ஸ் செய்த வேலைதான். நாவலில் இருப்பது பளபளக்கும் கருங்கூந்தல், முத்துப்போன்ற வெள்ளைப் பல், கறுத்த உதடு, உள்ளே ஓடும் நரம்பைச் சரியாக மூடாத மஞ்சள் தோல். இடிமின்னல் பாய்ந்து உயிர் வரும் காட்சியும் அதில் கிடையாது. நவம்பர் மாத இரவு, மழை சன்னல் கண்ணாடியில் தட்டுகிறது, மெழுகுவர்த்தி எரிந்து முடியப்போகிறது. அவ்வளவுதான்.

எனவே ‘ஆக்கலாமா’ என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ஆக்கலாம். சண்டை போடவைப்பதிலும் எனக்கு ஒரு தடையும் இல்லை, ஏனென்றால் அதிரடி நாவலிலேயே இருக்கிறது. சுருக்கப் பதிப்புகள் இதையெல்லாம் எவ்வளவு வெட்டுகின்றன என்று தெரியாது, முழு நாவலில் அவன் நகரும் விதத்தைப் பாருங்கள். ஜெனீவா பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் சலேவ் மலையில் தொற்றி ஏறி உச்சியில் மறைகிறான், மின்னல் வெட்டும்போதெல்லாம் அவனைப் படைத்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் கண்ணுக்கு அவன் தெரிகிறான். ஆல்ப்ஸின் பனியாற்றில் மனிதன் பார்த்துப் பார்த்துக் கால் வைக்கிற பிளவுகளைத் தாவித் தாண்டி வருகிறான். துப்பாக்கியால் சுட்டால் ஏரிக்குள் பாய்ந்துவிடுகிறான். கடைசியில் நாய்கள் இழுக்கும் பனிவண்டியைப் பறித்துக்கொண்டு உறைந்த கடல்மேல் வடக்கே ஓடுகிறான். உங்கள் இரட்டை வாளைவிட இது நல்ல அதிரடி.

அந்தத் துரத்தலில் ஒரு சின்ன விஷயம் வரும். பின்னால் விக்டர் கொலைவெறியோடு வருகிறான். முன்னால் ஓடுகிறவன் மரப்பட்டையிலும் கல்லிலும் சேதி எழுதிவைத்துக்கொண்டே போகிறான். ஓரிடத்தில், ரொம்பத் தாமதிக்காமல் வந்தால் பக்கத்தில் ஒரு செத்த முயல் கிடக்கும், தின்று தெம்பு ஏற்றிக்கொள் என்று எழுதிவைக்கிறான். தன்னைக் கொல்ல வருகிறவன் பட்டினியில் செத்துவிடக் கூடாதாம். செத்துவிட்டால் இந்த உலகத்தில் அவனை நினைத்துக்கொண்டிருக்க வேறு யார் இருக்கிறார்கள்? இந்த முயலை விட்டுவிட்டு வாளை எடுத்தால்தான் எனக்கு வருத்தம்.

உங்கள் மூன்றாம் அத்தியாயத்துக்கு வருகிறேன். நாற்பது அரக்கர்கள். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய பகுதியில், வாள் பட்டதும் ஒவ்வொருவனும் தீப்பற்றிச் சாம்பலாகிவிடுகிறான். இந்த வகைக் கதையில் எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், வசதி. நாற்பது பேர் செத்தும் தெருவில் ஒரு பிணம் கிடையாது, அழ ஒருத்தி கிடையாது, மறுநாள் காலை துப்புரவுப் பணியாளர் வந்து பெருக்கினால் முடிந்தது. வேறு எந்த நாயகனாக இருந்தாலும் நான் கண்டுகொள்ளமாட்டேன். ஆனால் இவன் யார்? பிணவறையிலிருந்தும் அறுப்புக்கூடத்திலிருந்தும் கசாப்புக்கூடத்திலிருந்தும் பொறுக்கிய உறுப்புகளால் ஆனவன். அவன் உடம்பில் இருப்பது எல்லாமே யாரோ ஒருவருடையது. பிணங்களால் ஆன ஒருவனைப் பிணமே விழாத போருக்கு அனுப்பியிருக்கிறீர்கள். எனக்கு இடறுவது அங்கேதான்.

அந்த நாவலில் மரணம் எடை உள்ளது. எழுதியவருக்கு அது ஏட்டுச்சுரைக்காய் அல்ல. 1815-ல் மேரிக்குக் குறைமாதத்தில் பிறந்த முதல் குழந்தை சில நாட்களிலேயே இறந்துபோயிற்று. அந்த மார்ச் மாத நாட்குறிப்பில் ஒரு கனவை எழுதிவைத்திருக்கிறார். குழந்தைக்குச் சும்மா குளிர்தான் கண்டிருந்தது, நெருப்பின் முன் வைத்துத் தேய்த்தோம், பிழைத்துக்கொண்டது. விழித்துப் பார்த்தால் குழந்தை இல்லை. அடுத்த வருடம் கோடையில், ஜெனீவா ஏரிக்கரையில் கவிஞர் பைரன் தங்கியிருந்த வீட்டில், ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுவோம் என்று பேச்சு எழுந்தபோது அவருக்கு வயது 18. செத்த உடம்பு எழுந்து உட்காரும் கதை அங்கே தொடங்கியது. பேய்க்கதைப் போட்டி என்பதை எல்லோரும் சொல்வார்கள், அதற்கு முந்தைய வருடத்து நெருப்பைச் சொல்லமாட்டார்கள்.

அவன் செய்யும் கொலைகளும் அப்படித்தான். விக்டரின் தம்பி, வில்லியம் என்ற சிறுவனை முதலில் கொல்லவே நினைக்கவில்லை. சின்னப் பிள்ளை, இதற்கு இன்னும் அருவருக்கத் தெரிந்திருக்காது, தூக்கிக்கொண்டுபோய்த் துணையாக வளர்க்கலாம் என்றுதான் பிடிக்கிறான். பையன் அலறுகிறான், என் அப்பா யார் தெரியுமா என்று ஃபிராங்கன்ஸ்டைன் பெயரைச் சொல்லிவிடுகிறான். கழுத்தில் கை போகிறது. அது ஒரு கண நேர வெறி என்றுகூட வாதாடலாம். அடுத்தது அப்படி அல்ல. பையன் மார்பிலிருந்து எடுத்த சிறு உருவப்படத்தை ஜஸ்டின் என்ற வேலைக்காரப் பெண்ணின் உடை மடிப்பில் செருகிவிடுகிறான். கொலைப்பழி அவள்மேல் விழுகிறது, தூக்கில் போட்டுவிடுகிறார்கள். நிதானமாக, யோசித்துச் செய்த காரியம் அது.

இதை உங்கள் கதையில் காணோம். முதல் அத்தியாயத்தில் ‘அவனுடைய இருண்ட கடந்தகாலம்’ என்று ஒரு வரி மட்டும் வருகிறது. நமக்கு இது தெரிந்த பழக்கம்தான். கர்ணனை நாயகனாக்கும்போது சபையில் பாஞ்சாலியைப் பற்றி அவன் சொன்ன சொல்லை மெல்ல நகர்த்தி ஓரமாக வைத்துவிடுவோம். நாயகனாக்க அதை மறைக்க வேண்டியதில்லை. இருநூறு வருடம் வாழ்ந்த ஒருவன் வில்லியமின் கழுத்தைக் கையில் எத்தனை தடவை உணர்ந்திருப்பான் என்று யோசியுங்கள். அவன் வாளைத் தொடவே தயங்குவான். அந்தத் தயக்கத்தோடு சண்டைக்குப் போகட்டும், அப்போது நாற்பது பேர் வேண்டாம், ஒருவன் போதும்.

நாவலின் மிகச் சிறந்த சண்டைக்காட்சி எது என்று கேட்டால், அவன் கை ஓங்காத காட்சியைத்தான் சொல்வேன். அதற்கு முன்கதை தெரியவேண்டும். விக்டர் கைவிட்டுவிட்டுப் போனபின் அவன் காட்டில் திரிந்து ஒரு குடிசையை ஒட்டிய கொட்டிலில் ஒளிந்துகொள்கிறான். சுவரில் ஒரு கீறல். அதன் வழியே உள்ளே பார்க்கிறான். கண் தெரியாத பெரியவர் டி லேசி, அவர் மகன் ஃபீலிக்ஸ், மகள் அகாதா. ஏழைகள். ராத்திரியில் அவர்களுடைய சாப்பாட்டைத் திருடித் தின்றுகொண்டிருந்தவன், தன்னால் அவர்கள் பட்டினி கிடக்கிறார்கள் என்று புரிந்ததும் நிறுத்திவிடுகிறான். காட்டுப் பழம், கொட்டை, கிழங்கு போதும் என்று முடிவுசெய்கிறான். ஃபீலிக்ஸ் பகலெல்லாம் விறகு வெட்டுவதைப் பார்த்துவிட்டு, இரவில் அவனுடைய கோடரியையே எடுத்துப்போய்ப் பல நாளுக்குத் தேவையான விறகை வெட்டிக் கொண்டுவந்து வாசலில் அடுக்குகிறான். காலையில் அகாதா கதவைத் திறந்து அந்தக் குவியலைப் பார்த்து மலைத்துப்போய் நிற்கிறாள். வேறு நாட்களில் வாசல் பனியைத் தள்ளிவைக்கிறான். ‘நல்ல ஆவி’, ‘அதிசயம்’ என்று வீட்டுக்குள் பேசிக்கொள்கிறார்கள். கொட்டிலில் இருப்பவன் காதில் விழுகிறது, அந்தச் சொற்களுக்குப் பொருள்தான் தெரியவில்லை. அவன் முதலில் கற்றுக்கொண்ட சொற்கள் நெருப்பு, பால், ரொட்டி, விறகு.

அப்புறம் படிக்கக் கற்றுக்கொள்கிறான். காட்டில் கிடந்த பெட்டியிலிருந்து மில்டனின் ‘இழந்த சொர்க்கம்’ கிடைக்கிறது, புளூட்டார்க்கும் கதேயும் கிடைக்கிறார்கள். ஒரு நாள் துணிந்து, பெரியவர் தனியாக இருக்கும் நேரம் பார்த்து உள்ளே போய்ப் பேசுகிறான். கண் தெரியாதவருக்கு அவன் ஒரு குரல் மட்டும்தான், அவரும் மரியாதையாகப் பதில் சொல்கிறார். அதற்குள் மற்றவர்கள் வந்துவிடுகிறார்கள். அகாதா மயங்கி விழுகிறாள். ஃபீலிக்ஸ் பாய்ந்து வந்து கீழே தள்ளித் தடியால் அடிக்கிறான். ஃபீலிக்ஸை அங்கேயே இவனால் பிய்த்துப்போட்டிருக்க முடியும், அதை இவனே சொல்கிறான். செய்யவில்லை. அடி வாங்கிக்கொண்டு வெளியே ஓடுகிறான். பிறகு அவர்கள் வீட்டைக் காலிசெய்துவிட்டுப் போனதும் அந்தக் குடிசைக்குத் தீ வைக்கிறான், அது வேறு.

உங்கள் நாயகன் மூன்று அத்தியாயத்தில் பேசியது மொத்தம் ஏழு வாக்கியம், எண்ணிப் பார்த்தேன். ஏழும் பஞ்ச் வசனம். நாவலின் 24 அத்தியாயங்களில் ஆறு முழுக்க அவன் குரல்தான். அதிரடிக் கதையில் ஆறு அத்தியாயம் பேசவிட முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் அவனுடைய பலம் தோளில் இருப்பதைவிட வாயில்தான் அதிகம். அவன் பேசப் பேச விக்டரே இளகி, துணைக்கு ஒரு பெண்ணைச் செய்து தருகிறேன் என்று ஒப்புக்கொள்கிறான். சாகும்போது விக்டர், வால்டன் என்ற கப்பல்காரனிடம் எச்சரிப்பதும் அதைத்தான், அவன் பேச்சில் மயங்கிவிடாதே என்று. ஒரு சண்டையையாவது அவன் பேசி ஜெயிக்கட்டுமே.

பெயர் விஷயம். ஆதாம் என்று ராணி பெயர் வைப்பது பார்வைக்கு அழகு. “நான் உன் ஆதாமாக இருந்திருக்க வேண்டியவன்” என்று விக்டரிடம் அவனே சொல்கிறானே என்று கேட்பீர்கள். இருந்திருக்க வேண்டியவன், ஆனால் இல்லை. புகாரே அதுதான். யாரோ ஒரு ராணி இரண்டாம் அத்தியாயத்தில் அந்தப் பெயரைத் தூக்கிக் கொடுத்துவிட்டால், இருநூறு வருடக் கோபத்தை எங்கே வைப்பான்? அதோடு ஒரு படையும் கிடைத்துவிடுகிறது. எந்தப் பக்கமும் இல்லாதவன் அவன். என்னைக் கேட்டால், ராணி பெயரை நீட்டட்டும், அவன் வேண்டாம் என்று சொல்லட்டும். நடிகர் பட்டியலில் இருந்த அந்தக் கோடு, கோடாகவே இருக்கட்டும்.

இருநூறு வருடம் உயிரோடு இருப்பது பற்றி நண்பர் கேட்டால் கவலைப்படாதீர்கள். வட துருவத்தில் சிதை அடுக்கி எரிந்துபோகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் பனிப்பாளத்தில் இறங்குகிறான். எரிந்ததை யாரும் பார்க்கவில்லை. அலை இழுத்துப்போகிறது, இருட்டிலும் தொலைவிலும் மறைகிறான், நாவல் முடிந்துவிடுகிறது. இந்தக் கதவை மேரி ஷெல்லியே திறந்துவைத்திருக்கிறார்.

கடைசியாக உயரம். ஆறடி என்று எழுதியிருக்கிறீர்கள். நாவலில் சுமார் எட்டடி. சின்னச் சின்ன உறுப்புகளைக் கோப்பது கஷ்டம், வேலை சீக்கிரம் முடியவேண்டும் என்று விக்டர் பெரிதாகவே செய்துவிட்டான், ஒரு அவசரக்காரத் தொழிலாளியின் முடிவு அது. நடிகரை வைத்துப் படம் எடுக்கிறவர்களுக்கு ஆறடி தேவைப்படும், உங்களுக்குத் தேவையில்லையே. எட்டடிக்காரனை அந்த மாநகரத்தில் நடமாடவிட்டுப் பாருங்கள். எந்த வண்டியில் கால் மடக்கி உட்காருவான், எந்தக் கடையில் செருப்பு வாங்குவான்? கதவு ஏழடிகூட இருக்காது. எந்த வீட்டுக்குள் போனாலும் தலை குனிந்துதான் போகவேண்டும். வாளை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, முதல் அத்தியாயத்தை அந்தக் கதவில் ஆரம்பித்து எழுதி அனுப்புங்கள். படித்துவிட்டுச் சொல்கிறேன்.