ஆற்றங்கரை மணலில் கூடாரம் வேண்டாம்

கேள்வி: சவுதியில் வேலை பார்க்கும் என் அண்ணன் மே மாதக் கடைசி வாரத்தில் குடும்பத்துடன் ஊருக்கு வருகிறார். மலையில் கூடாரம் போட்டு இரண்டு இரவு தங்க வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. காளிகேசத்தில் ஆற்றோரம் நல்ல மணல்திட்டு ஒன்று பார்த்து வைத்திருக்கிறோம். பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் நான்கு பேர். கடைக்குட்டிக்கு 5 வயது. என்னென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்? 70 வயதான அம்மாவையும் அழைத்துச் செல்லலாமா?
– வாசகி, தக்கலை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் திட்டத்தில் இடத்தையும் நாளையும் மாற்றிக்கொள்ளுங்கள். மீதியெல்லாம் கூடிவரக் கூடியதே.

காளிகேசம் காப்புக்காட்டுக்குள் இருக்கிறது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மலைக்காட்டில் சுமார் 400 சதுர கிலோமீட்டர் வனவிலங்குச் சரணாலயம். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குள் நுழையவே அனுமதி வேண்டும். சோதனைச்சாவடியில் கேட்டுக்கொண்டு பகலில் போய்க் குளித்துவிட்டு மாலைக்குள் திரும்புவது வேறு, அங்கே இரவு தங்குவது வேறு. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்கள் 23 பேர் இறந்த பிறகு, மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் வந்தன. ‘தெரிந்த ஆள் இருக்கிறார், பார்த்துக்கொள்வார்’ என்று யாராவது சொன்னால் அவரிடம் எழுத்தில் கேளுங்கள். பேச்சு பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடும்.

சட்டத்தை விடவும் எனக்குக் கவலை தருவது அந்த மணல்திட்டுதான். ஆற்றோரத்தில் மணல் சமமாகப் படிந்து கிடக்கிறது என்றால், தண்ணீர் அதை அங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறது என்று பொருள். கொண்டுவந்த தண்ணீர் மறுபடியும் வரும். கோடையில் பிற்பகலுக்குமேல் மலையுச்சியில் மேகம் திரண்டு இடியுடன் கொட்டும்போது, கீழே நிற்பவர் தலையில் ஒரு துளியும் விழாது; வானம்கூடத் தெளிவாகவே இருக்கும். மேலே பெய்த மழையோ சரிவான பாறைகளில் வழிந்து, சிறிது நேரத்திலேயே ஓடையை நிறைத்துவிடும். இளவயதில் கோதையாற்றின் கரையில் நானும் நண்பர்களும் இப்படித்தான் ஒரு மணலில் படுத்தோம். கஞ்சி வைப்பதற்காக மூன்று கல் கூட்டியிருந்தோம். அவற்றில் ஆற்றுப் பக்கத்துக் கல்லின் அடி நனைந்திருப்பதை ஒருவன் பார்த்தான். யாரோ தண்ணீரைச் சிந்திவிட்டதாக நினைத்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். அதற்குள் அடுப்புச் சாம்பல் மிதக்கத் தொடங்கிவிட்டது. பானையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவிட்டோம். செருப்புகள் ஆற்றோடு போய்விட்டன.

ஆகவே பகலில் குளிக்கும்போதும் ஒரு பெரியவர் கரையிலேயே நின்று தண்ணீரைக் கவனிக்கட்டும். தெளிந்த நீர் கலங்கிச் சிவந்தாலும், சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலும், ஆற்றின் ஓசை தடித்தாலும் பிள்ளைகளை உடனே கரையேற்றிவிட வேண்டும். துணியையும் பாத்திரத்தையும் பொறுக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். ஆற்றின் மறுகரைக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடும் பழக்கம் பலருக்கு உண்டு. வாகனம் இந்தக் கரையில் நிற்கும்போது அது கூடவே கூடாது.

இரவுக்கு என் யோசனை இதுதான். தடிக்காரன்கோணம் பக்கமோ குலசேகரம் பக்கமோ மலையடிவாரத்தில் ரப்பர்த் தோட்டமோ விளையோ (தோப்பு நிலமோ) உள்ள உறவினர் ஒருவர் உங்களுக்கு இல்லாமல் இருக்க மாட்டார். தோட்டத்துக்குள் வீடு ஒன்று இருந்தால், அதன் முற்றத்தில் கூடாரம் போடுங்கள். இதென்ன வீட்டு முற்றத்தில் கூடாரம் என்று அண்ணன் பிள்ளைகள் முதலில் முகம் சுளிக்கலாம். சீவிடு கத்தும் இருட்டில் துணிக்கூரையின் கீழ் படுத்திருக்கும்போது வீடு இருக்கும் நினைவே அவர்களுக்கு இராது. நடுச்சாமத்தில் இடி முழங்கினால் ஐந்து வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்கு இருபதடியில் ஓட்டுக்கூரை இருக்கும். இடி மின்னல் நேரத்தில் கூடாரத்தில் ஒருவர்கூட இருக்கக் கூடாது. தங்கும் விடுதிகளின் கூடாரத்தை நாடுவதாக இருந்தால், உரிமம் உண்டா, யானைத்தடம் அருகில் உண்டா என்று விசாரியுங்கள். 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடியில் தனியார் விடுதிக் கூடாரத்தில் தங்கச் சென்ற ஓர் ஆசிரியை யானை தாக்கி இறந்ததை நினைவில் வையுங்கள்.

நாளைப் பொறுத்தவரை, கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. 2025-இல் மே 24-ஆம் தேதியே தொடங்கிவிட்டது. அங்கே தொடங்கினால் நமக்கும் தொடங்கியது போலத்தான். மே கடைசி வாரம் என்பது சூதாட்டம். அண்ணனின் விடுமுறையை மே முதல் பாதிக்கு நகர்த்த முடியுமா என்று கேளுங்கள். டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றால் இரண்டு இரவை ஓர் இரவாக்கி, முந்தின நாள் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கொடைக்கானல் போகலாம் என்று யாராவது சொன்னால், அங்கே 2024 மே மாதம் முதல் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கூடாரம் போடும் இடத்தை வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். ரப்பர் மரத்தின் அடியில் போட வேண்டாம். அதன் கிளைகள் காற்றுக்குச் சட்டென்று முறியும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது தோட்டம் தோட்டமாக ரப்பர் சாய்ந்து கிடந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தையிலும் மாசியிலும் உதிர்ந்த இலை இன்னும் சருகாகக் கிடக்கும் தோட்டத்தில் தீ மூட்டவே கூடாது. சமையல் வீட்டு அடுப்பிலேயே நடக்கட்டும். தரையில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் அடியை விட ஒரு சாண் சிறியதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், மழைநீரை அதுவே ஏந்தி உங்கள் பாய்க்கடியில் கொண்டுவந்து சேர்க்கும். புதுக் கூடாரத்தைக் கடையிலிருந்து நேராக மலைக்குக் கொண்டுபோகாமல், ஒரு மாலை தக்கலையிலேயே விரித்துக் கட்டிப் பாருங்கள்.

மே மாதம் சக்கை, அதாவது பலா, பழுக்கும் காலம். அந்த மணம் யானைக்கு வெகுதூரத்திலேயே எட்டும். பழுத்த சக்கை தொங்கும் பலாவுக்குப் பக்கத்தில் படுக்காதீர்கள். நேந்திரன் குலையையும் சக்கைச் சுளையையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். 2023 ஜூனில் அரிக்கொம்பன் என்ற யானையை மேல் கோதையாற்றில் கொண்டுவந்து விட்டதிலிருந்து பிள்ளைகளுக்கு யானை பார்க்கும் ஆசை கூடியிருக்கும். ரப்பர் பால்வெட்டும் தொழிலாளரிடம் கேட்டால், அண்மையில் எந்தப் பக்கம் யானை வந்தது என்று சரியாகச் சொல்வார். அவர் ‘வேண்டாம்’ என்றால் அன்று வீட்டுக்குள் படுத்துவிடுங்கள். இரவுக்கு மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) அவித்து, காந்தாரி மிளகாய் அரைத்துத் தொட்டுக்கொண்டு, சீக்கிரமே சாப்பிட்டு முடிப்பது நல்லது.

கூடாரத்தின் ஜிப் எப்போதும் மூடியே இருக்கட்டும். இரவில் வெளியே இறங்குபவர் செருப்பைத் தட்டிப் போட்டுக்கொண்டு, டார்ச் அடித்துக்கொண்டே போக வேண்டும். பாம்பு தீண்டினால் கட்டு இறுக்குவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட காலை அசைக்காமல் ஆளைத் தூக்கி வாகனத்தில் ஏற்றி, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தோட்டத்திலிருந்து எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் போகும்போதே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். கைபேசித் தொடர்பு சில இடங்களில் கிடைக்காது என்பதால், 108-ஐ அழைக்க எங்கே நிற்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடம் கேட்டு வையுங்கள். வாகனம் ஒன்று, சாவியுடன், முகம் வெளிப்பக்கமாகத் திருப்பி நிறுத்தப்பட்டிருக்கட்டும்.

அம்மாவைத் தாராளமாக அழைத்துச் செல்லுங்கள். அவருக்குக் கூடாரம் வேண்டாம். திண்ணையை ஒட்டிய அறையில் கட்டில் போட்டுக் கொடுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை இரண்டு பங்காக்கி, ஒன்றை அவர் பையிலும் மற்றொன்றை உங்கள் பையிலும் வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்தால் கூடாரத்துப் பிள்ளைகள் அனைவரும் அவர் அறைக்குத்தான் ஓடிவருவார்கள் என்பதால், அங்கே கூடுதலாக நாலைந்து பாய்கள் இருக்கட்டும்.