தருமபுரத்தில் அம்மாவுக்கு ஒரு குசினி

தம்பி, கிளிநொச்சித் தருமபுரத்தில் அம்மா இருக்கிற, இந்திய அரசின் உதவியில் கட்டின வீட்டுத்திட்ட வீட்டின் பின்பக்கம் ஒரு குசினி (சமையலறை) கட்டவேண்டும், இங்கே லண்டன் ஹரோவில் கட்டட வேலைக்குப் போகிற வீடுகளில் பார்ப்பதுபோல நீட்டாய், கண்ணாடிக் கதவு வைத்துக் கட்டலாமா, இங்கிருந்துகொண்டு எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்டிருந்தீர். அம்மா இப்போது வளவுக்குள் கிடுகுக் கொட்டில் ஒன்றில் சமைக்கிறா என்றும் எழுதியிருந்தீர். கட்டும், கட்டாயம் கட்டும். ஆனால் ஹரோக் குசினியைத் தருமபுரத்துக்கு இறக்குமதி செய்யாதேயும்.

அந்தக் குசினி அப்படி இருப்பதற்குக் குளிரும் சட்டமும்தான் காரணம். வரிசை வீடு என்றால் பழைய பின்சுவரிலிருந்து 3 மீற்றர் வரைக்கும் பொதுவாகத் திட்ட அனுமதி கேட்காமல் நீட்டலாம். அதனால்தான் நீர் வேலை செய்கிற இடமெல்லாம் ஒரே அளவாய்த் தெரியும். பின்னுக்கு நீட்ட நடு அறை இருண்டுபோகும், அதற்காகக் கண்ணாடிக் கதவும் கூரையில் கண்ணாடியும். அடுப்பு காஸ் அல்லது கரண்ட், புகையை இழுக்க மேலே மெசின். (அப்படியிருந்தும் எங்கட ஆட்கள் மிளகாய் வறுக்கப் பின்வளவுக்குத்தான் போவார்கள்.) சூட்டை உள்ளே பிடித்து வைக்கிற கட்டடம் அது. தருமபுரத்தில் சூடு வெளியே போகவேண்டும்.

வன்னியில் வெளிநாட்டுக் காசில் எழும்பின எத்தனையோ வீடுகளில் மாபிள் போட்ட குசினி காட்சிக்கு இருக்கிறது. அலுமாரி, சிங்க் எல்லாம் மினுங்கும். அம்மாமார் பின்னால் ஒரு தகரக் கொட்டிலுக்குள் மூன்று கல் வைத்துச் சமைப்பார்கள். விறகு எரிக்க வழியில்லாமல் கட்டினால் அதுதான் நடக்கும். காஸ் வாங்கிக் கொடுப்பேன் என்று சொல்வீர். 2022 இல் காஸ் சிலிண்டருக்கு நாடு முழுக்க வரிசையில் நின்ற காலத்தில் விறகடுப்பை இடிக்காத வீடுகள்தான் நேரத்துக்குச் சாப்பிட்டன. இரண்டுக்கும் இடம் வையும். விறகடுப்புக்கு மேலே ஒழுங்கான புகைக்கூடு, கூரை முகட்டைவிட உயரமாய். அதுக்குக் காசு பார்க்கவேண்டாம், மாபிளில் குறையும்.

அடுத்தது காற்று. வீட்டின் பின்பக்கம் எந்தத் திசை என்று நீர் எழுதவில்லை. மேற்கும் தெற்கும் திறந்த பின்பக்கம் என்றால் வைகாசியிலிருந்து ஆவணி வரை சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று அடுப்புப் புகையை அள்ளி நேரே படுக்கை அறைக்குள் போடும். வடக்கும் கிழக்கும் என்றால் மாரியில் வாடைக்காற்றோடு தூவானம் அடுப்பை நனைக்கும். காற்று வருகிற பக்கம் முழுச்சுவர், மற்றப் பக்கம் மூன்றடி அரைச்சுவரும் மேலே கம்பி வலையும், தாவாரத்தை நல்லாய் வெளியே நீட்டி விடும். அம்மா அக்கினி மூலை பார்க்கவேண்டும் என்பா, பார்க்கட்டும். அந்த மூலைக்குக் காற்று ஒத்துவராவிட்டால் மட்டும் கதைத்துப் பாரும்.

இனிக் கூரை. மேசன் "வீட்டு ஓட்டுக் கூரையையே பின்னுக்கு இழுத்துப் பத்தி (சாய்ப்பு) இறக்கலாம்" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர். எல்லாரும் சறுக்குகிற இடம் இதுதான், கணக்கைப் பாரும். ஓட்டுக்கு 25 பாகை சரிவாவது வேண்டும், இல்லாவிட்டால் மழை பின்வாங்கி உள்ளே ஒழுகும். அந்தச் சரிவில் பத்தடி நீளத்துக்குக் கூரை நாலரை அடிக்கு மேல் இறங்கும். பின்சுவர் ஒன்பதடி என்றால் மற்ற முனையில் மிஞ்சுவது நாலேகால் அடி. அம்மா குனிந்துதான் உள்ளே போகவேண்டும். ஓடுதான் வேண்டுமென்றால் அகலத்தை நாலைந்து அடியோடு நிறுத்தவேண்டும், அது குசினியாகாது. பத்தடி வேண்டுமென்றால் கூரைத் தகடு, அதாவது சீற். பத்துப் பாகைச் சரிவு போதும், இரண்டடிகூட இறங்காது, ஏழடிக்கு மேல் தலைக்கு இடம் இருக்கும். சூட்டுக்குச் சுவரின் மேல்விளிம்பில் ஓட்டைக் கல் வைத்தால் வெக்கை அதுவழியே போய்விடும்.

சீற் என்றதும் அங்கே அஸ்பெஸ்டஸைத்தான் முதலில் காட்டுவார்கள், மலிவு. வேண்டாம். இங்கே அது 1999 இல் முற்றாகத் தடை. பழைய கராஜ் கூரை கழற்ற வந்தவர்கள் முகமூடியும் வெள்ளை உடுப்பும் போட்டுக்கொண்டு நிற்பதை நீரே வேலைத்தளத்தில் பார்த்திருப்பீர். அதை அம்மாவின் சோற்றுப்பானைக்கு மேல் ஏற்றுவானேன்? சிங்-அலும் சீற், அதாவது துத்தநாகமும் அலுமினியமும் பூசின இரும்புத் தகடு போடும். மரத்துக்குக் கறையான் நிற்காத வைரம் பாய்ந்த பனை கிடைத்தால் நல்லது, இல்லாவிட்டால் இரும்பு.

அத்திவாரத்தில் ஒரு விசயம்தான். பழைய வீடு இருந்து இறுகிவிட்டது, புதுச்சுவர் இனித்தான் இறங்கும். இரண்டையும் கல்லோடு கல் கோத்துக் கட்டினால் மூட்டில் வெடிக்கும். ஒட்டி நிற்கட்டும், கோக்கவேண்டாம், கூரை சேருகிற இடத்தில் தண்ணீர் இறங்காமல் தகடு வைத்து மூடச் சொல்லும். இங்கே கொங்கிறீற் ஊற்ற முதல் பரிசோதகர் வந்து கிடங்கைப் பார்த்துவிட்டுத்தான் போவார். அங்கே அப்படி யாரும் வந்து நிற்கமாட்டார்கள், சொந்தக்காரர் ஒருவரை அன்றைக்கு மட்டுமாவது அங்கே நிற்கச் சொல்லும்.

நிலமட்டத்தை வீட்டு மட்டத்திலேயே வையும். செலவு மிச்சம் என்று ஒரு படி இறக்கிக் கட்டுவார்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளத்துக் கதவுகள் திறந்தபோது கண்டாவளைப் பக்கம் வெள்ளம் போன போக்கு ஊரில் எல்லாருக்கும் தெரியும். அதோடு அம்மாவின் முழங்காலுக்கும் படி ஆகாது.

அளவு பத்துக்குப் பன்னிரண்டு அடி தாராளம். மேடையின் உயரத்தை இங்கே பார்த்த அளவில் சொல்லாதேயும். இங்கே 90 சென்ரிமீற்றர், வெள்ளைக்காரரின் உயரத்துக்குச் செய்தது. அம்மா ஐந்தடி என்றால் 80 போதும். திருவலையில் குந்தித் தேங்காய் திருவவும் மரக்கறி வெட்டவும் நிலத்தில் ஒரு மூலை வெறுமையாய்க் கிடக்கட்டும். அம்மியையும் அங்கேயே வையும். இதையெல்லாம் மேசனிடம் கேட்காமல் அம்மாவிடம் கேளும். "உனக்கு விருப்பமானபடி செய் மோனே" என்றுதான் முதலில் சொல்லுவா. விடாமல் கேளும்.

காணி அரசு கொடுத்த பெர்மிட்டா, சொந்த உறுதியா என்று பார்த்து, கரைச்சி பிரதேச சபையில் போய் அனுமதிக்கு என்ன வேண்டும் என்று தங்கச்சியை விசாரிக்கச் சொல்லும். பெர்மிட் அப்பாவின் பேரில் கிடந்தால் அதை அம்மாவின் பேருக்கு மாற்றுகிற வேலையையும் இந்தச் சாட்டிலேயே தொடங்கலாம். பிரதேச செயலகத்தில் அலையவேண்டிவரும், ஆனால் குசினியைவிட அது பெரிய விசயம்.

காசு. தொகை நான் சொல்லமாட்டேன், சீமெந்து விலை எழுதுகிற கையோடு மாறும். லண்டன் பெடியன் கட்டுகிறான் என்று தெரிந்தால் கூலியும் மாறும், அதனால் விலை பேசுவதை ஊரில் இருக்கிற மாமா செய்யட்டும். ஒரே தரத்தில் அனுப்பாதேயும். அத்திவாரமும் நிலமும், பிறகு லிண்டல் (கதவு யன்னலுக்கு மேல் வளை) வரை சுவர், பிறகு கூரை, கடைசியில் பூச்சு என்று நாலாய்ப் பிரித்து, ஒவ்வொன்றும் முடிந்த பிறகு அடுத்ததுக்கு அனுப்பும். வட்ஸ்அப்பில் படம் கேட்டால் அளவு நாடாவைப் பிடித்து எடுத்த படமாய்க் கேளும். கல் கட்டினபிறகு ஒரு கிழமையாவது தண்ணீர் ஊற்றினார்களா என்று நேரே வீடியோவில் பாரும். அதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவது. கடன் பட்டோ சீட்டு எடுத்தோ கட்டவேண்டாம். இங்கே வேலை ஒரு மாதம் நின்றால் வாடகைக்கு யார் தருவது? மூன்று மாத வாடகை கையில் இருக்கிறபிறகு தொடங்கும்.

காலபோக (மாரி நெல்) அறுவடை முடியுமட்டும் கூலிக்கு ஆள் பிடிக்கேலாது. பங்குனி கடைசியில் அத்திவாரம் வெட்டினால் புரட்டாசிக்குள் கூரை ஏறிவிடும். ஐப்பசி பிறந்தும் கூரை ஏறவில்லை என்றால் வாங்கின சீமெந்தை மாமா வீட்டில் பலகைக்கு மேல் அடுக்கிவிட்டு, மாரி முடியுமட்டும் நிற்பாட்டும்.

பின்பக்கம் எந்தத் திசை, கிணறு எத்தனை அடி தள்ளி இருக்கிறது, இந்த இரண்டையும் தங்கச்சியிடம் கேட்டு எழுதும். கழுவுகிற தண்ணீர் கிணற்றுப் பக்கம் போகாமல் வாழைக்கு விடவேண்டும், அதைப் பார்த்துத்தான் வாசலை எங்கே வைக்கிறது என்று சொல்லலாம்.